பிரேக்கில் கால் வைக்காத மனிதர்

என் கணவர் கணேஸ்வரனுக்கு இரண்டு பெருமைகள். கலியாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறவர்களில், லண்டனில் தேக்கில் செதுக்கிய மணவறை தன்னிடம்தான் இருக்கிறது என்பது முதலாவது. அந்த மணவறையை ஏற்றிய ட்ரெயிலரை மலையால் இறக்கும்போதுகூடத் தான் பிரேக்கில் கால் வைப்பதில்லை என்பது இரண்டாவது. முதலாவது பாதிப் பொய். பின்பக்கத் தூண்கள் பிளாஸ்டிக்; பூச்சரம் சுற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. இரண்டாவது முழு உண்மை. அந்த உண்மையால்தான் நான் அழிந்தேன்.

ட்ரெயிலரை இழுக்கவென்று போன வருஷம் அவர் ஒரு அமெரிக்க டீசல் பிக்கப் வாங்கினார். ஈஸ்ட் ஹாமில் எங்கள் தெருவில் அது நின்றால் பக்கத்து வீட்டுக் கார் அதன் குட்டி போலத் தெரியும். ஸ்டியரிங் இடது பக்கம். கடை ஜன்னலில் கோப்பி வாங்குவதென்றால் வலது இருக்கையில் இருக்கும் நான்தான் எட்டி வாங்க வேண்டும். "அமெரிக்காக்காரன் பெண்சாதிக்கும் வேலை குடுத்து வைச்சிருக்கிறான்" என்று சொல்லிச் சிரிப்பார். கியர் ஓட்டோமற்றிக். கால் வைத்தால் போகும், எடுத்தால் நிற்கும், சின்னப்பிள்ளையும் ஓட்டும் என்பது அவருடைய கணக்கு.

நாங்கள் இருவரும் யாழ்ப்பாணம். எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் பாலத்தில் ஏறுவது, இறக்கம் என்றால் பாலத்தால் இறங்குவது. அப்படிப்பட்ட ஊரில் ஓட்டப் பழகியவர், முழு மணவறையையும் கட்டிக்கொண்டு கென்ட் பக்கத்து மலையொன்றால் இறங்கிய முதல் நாளே முன் சில்லுகளிலிருந்து புகை கிளம்பியது. பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே வந்திருக்கிறார். அடுத்த கிழமையே சவுத்தாலில் கராஜ் வைத்திருக்கும் கஸ்பரை வீட்டுக்கு வரச் சொன்னார்.

கஸ்பர் மன்னார்க்காரர். வார்த்தைகளை எண்ணித்தான் பேசுவார். பிக்கப்பின் புகைக் குழாயில் ஒரு மூடியைப் பூட்டி, கியர்த் தடியில் ஒரு பட்டனும் வைத்துக் கொடுத்தார். எக்ஸோஸ்ற் பிரேக் என்று அதற்குப் பெயர். பட்டனைப் போட்டுவிட்டு அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்தால் மூடி புகைக்குழாயை அடைக்கும். ஊதுகிறவனின் வாயைப் பொத்தியதுபோல எஞ்சின் திணறும். அந்தத் திணறல் வண்டியைப் பிடித்து நிறுத்தும்.

"அண்ணை, மனுவல் கியர் எண்டால் எஞ்சினும் சில்லும் நேரடித் தொடுப்பு," என்றார் கஸ்பர். "உது ஓட்டோ. நடுவிலை எண்ணெயிலை சுத்துற சாமான் ஒண்டு இருக்கு. அது பூட்டுப்பட்டால்தான் பிடிக்கும். அதாலை சுமை இழுக்கிற பட்டனையும் சேத்துப் போடோணும். போட்டால் கியர் தானாக் கீழை இறங்கும், திடீரெண்டு இழுத்துப் பிடிக்கும். பயப்பிடாதேங்கோ. மழை ஈரத்திலை மட்டும் வேண்டாம்."

அவ்வளவுதான் நான் கேட்டது. பிறகு தேத்தண்ணி போட உள்ளே போய்விட்டேன். நான் திரும்பி வந்தபோது இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து இவருக்குத் தலைகால் தெரியவில்லை. பட்டனைப் போட்டதும் வண்டி ஒரு கரகரத்த உறுமல் போடும். அதைக் கேட்பதற்காகவே நேர்ப் பாதையை விட்டுவிட்டு மேடு பள்ளம் தேடிப் போவார். கலியாண மண்டபங்களில் மாப்பிள்ளை வீட்டாரைப் பிடித்து வைத்து, "மேலையிருந்து அடிவாரம் மட்டும் ஒருக்காலும் கால் வைக்கேல்லைத் தெரியுமோ" என்பார். அந்த மனிதர் பட்டுவேட்டியோடு நின்று தலையாட்டுவார். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். பொய் சொல்லக் கூடாது, பெருமைதான் கூட.

நானும் ஓட்டுநர்தான். கவுன்சில் ஒப்பந்தத்தில் ஓடும் பள்ளிக்கூட மினிபஸ் என்னுடையது. நடக்க ஏலாத பிள்ளைகள், பேச்சு வராத பிள்ளைகள், சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைகள். காலையில் வீடு வீடாகப் போய் ஏற்றி, பின்னேரம் அதேபோல இறக்கிவிடுவேன். ஹன்னா என்றொரு பிள்ளை என்னைத் தவிர வேறு யாரையும் பெல்ட் மாட்ட விடமாட்டாள். கணவரின் மணவறையைவிட அந்த வேலை எனக்குப் பெரிது. அதை அவருக்கு முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன்.

மணவறை போகும் நாட்களில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. முன்னால் பிக்கப்பும் ட்ரெயிலரும். பின்னால் எங்கள் கார். காரில் குத்துவிளக்கு, நிறைகுடம், மாவிலை எல்லாம் வரும். மணவறைக்கும் விளக்குக்கும் நடுவில் பிறத்தியார் வண்டி புகுந்துவிடக் கூடாது என்பது இவருடைய சட்டம். எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டால் கோபம் வரும். ஒருமுறை சிவப்புச் சிக்னலில் ஒரு குப்பை லொறி நடுவில் புகுந்தது. அந்தக் கலியாணம் அந்த வருஷமே முறிந்தது. அதன் பிறகு யார் என்ன சொல்லியும் பயனில்லை. "ஒட்டிக்கொண்டு வாரும், ஒருத்தரையும் விடாதையும்" என்று புறப்படும்போதெல்லாம் சொல்வார். நானும் ஒட்டிக்கொண்டுதான் போவேன். முன்னால் எரியும் இரண்டு சிவப்பு விளக்குகளையும் பார்த்தபடியே போவேன்.

அந்தச் சனிக்கிழமை வெலிங்கில் ஒரு கலியாணத்துக்கு மணவறை கட்டப் போனோம். என்னோடு காரில் இவருடைய அக்கா கனகாம்பிகை மச்சாள். கிங்ஸ்பரியில் தனியாக இருக்கிறவர். மணவறைக்குப் பூக்கட்ட ஆசைப்பட்டு வந்திருந்தார். குத்துவிளக்கைப் படுக்கவைக்கக் கூடாதென்று மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தார். பெரிய பாதையில் நெரிசல் என்று இவர் ஷூட்டர்ஸ் ஹில்லால் திருப்பினார். நெரிசல் இருந்ததோ, இறக்கம் தேவைப்பட்டதோ, அவருக்குத்தான் வெளிச்சம்.

உச்சி தாண்டி இறங்கத் தொடங்கினோம். மழை தூறியது. ட்ரெயிலரின் பின்விளக்குகள் மழைக்காகப் போட்டபடி மங்கல் சிவப்பில் எரிந்தன. பிரேக் பிடித்தால் அவை பளிச்சென்று கூட வேண்டும். நான் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். மச்சாள் ஏதோ பூ விஷயம் சொல்லிக்கொண்டிருந்தார். விளக்குகள் கூடவில்லை. ட்ரெயிலர் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது.

ஏன் பெரிதாகிறது என்று எனக்கு விளங்கவில்லை. விளங்குவதற்குள் நான் பிரேக்கை மிதித்துவிட்டேன், ஈரத்தில் கார் வழுக்கியது, ட்ரெயிலரின் அடியில் போய்ச் சொருகியது. கண்ணாடி பொரியாக உதிர்ந்தது. காற்றுப் பை வெடித்து மச்சாளின் மடியிலிருந்த குத்துவிளக்கை அவருடைய நெஞ்சுக்கு மேலே தூக்கி அடித்தது. அந்தச் சத்தம் எலும்புச் சத்தம் என்று எனக்கு உடனே தெரிந்தது. நிறைகுடத்துத் தண்ணீர் என் காலெல்லாம் ஓடியது. நான் அதை இரத்தம் என்று நினைத்துக் கத்தினேன்.

இவர் இறங்கி ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வேணி, என்ன செய்தனீர்? நான் பிரேக் அடிச்சதைப் பாக்கேல்லையோ?"

"லைற் எரியேல்லை."

"எரிஞ்சது," என்றார்.

ஒரே ஒரு சொல். நான் மச்சாளைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி முனகிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவரிடம் எதைக் கேட்பது? அம்புலன்ஸ் வந்தது. பொலிஸ் வந்து என்னை ஒரு குழாயில் ஊதச் சொன்னது. வாழ்நாளில் ஒரு துளி குடிக்காத நான் தெருவோரத்தில் நின்று ஊதினேன். இவரைக் கலியாண வீட்டார் விடாமல் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "நீங்கள் போங்கோ, அந்தப் பிள்ளையின்ரை கலியாணம் குழம்பக்கூடாது" என்று நானே அனுப்பிவைத்தேன். நெளிந்த ட்ரெயிலரோடு அவர் போனார்.

மச்சாளின் காறை எலும்பும் மணிக்கட்டும் முறிந்திருந்தன. சொந்தக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து வந்து போனார்கள். யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். "பாவம், அவவும் என்ன செய்யிறது, வயசும் போகுது" என்று வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்கள். அது என் காதில் விழவேண்டும் என்றே சொன்னார்கள். பின்னால் இடித்தவர் மேல்தான் பிழை என்று இன்சூரன்ஸ்காரரும் சொன்னார்கள். தான் பிரேக் பிடித்ததாகவும் விளக்கு எரிந்ததாகவும் இவர் போனில் அவர்களுக்குச் சொல்லும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். குரலில் ஒரு சின்னத் தடுமாற்றம்கூட இல்லை.

ஈரத்தில் பட்டன் வேண்டாம் என்று கஸ்பர் சொல்லியிருந்தபடியால், அன்று இவர் காலைத்தான் வைத்திருப்பார் என்று நம்பினேன். எரிந்த விளக்கு என் கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்கு வேறு என்ன அர்த்தம்? நான் இரவில் கண்ணை மூடி அந்த இரண்டு விளக்குகளையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒருநாள் அவை கூடின மாதிரியும் இருந்தது. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. என் கண்ணே என்னை ஏமாற்றுகிறதென்றால், அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு பெல்ட் மாட்டிய பிள்ளைகளை எப்படி ஏற்றிப் போவது?

என் மேலாளர் பிரீத்தா கோயம்புத்தூர்ப் பெண். அவளிடம் போய் என்னை வண்டியிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன்.

"வேணி அக்கா, கம்பெனி ஒண்ணும் சொல்லலையே. நீங்களே நிறுத்துறேன்னு சொன்னா நான் என்ன பண்றது?"

"எனக்கு என்ரை கண்ணிலை நம்பிக்கை இல்லைப் பிள்ளை."

"ஹன்னாவுக்கு யார் பெல்ட் போடுறது?"

வண்டித் திறப்பை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். எப்போதாவது மனம் மாறினால் கூப்பிடும்படி சொன்னாள். பஸ் தரிப்பிடத்தில் நின்று அழுதேன். அழுகிறவளைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரக் கிழவி தன் இருக்கையைத் தந்தாள். அப்படி ஆகிவிட்டது என் நிலைமை.

இந்தக் காலம் முழுக்க இவர் என்னிடம் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லவேண்டும். தங்கம். ஒரு கடிந்த சொல் இல்லை. காலையில் தேத்தண்ணி போட்டுக் கட்டிலுக்குக் கொண்டுவந்து தந்தார். வாழ்க்கையில் ஒருநாளும் செய்யாத வேலை. கண் பரிசோதனைக்கு அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே காத்திருந்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றான் அந்தப் பொடியன். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வேறு இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போனார். அங்கேயும் அதே பதில்.

"அப்ப ஏன் எனக்குத் தெரியேல்லை?" என்று வரும் வழியில் கேட்டேன்.

"கண்ணிலை பிழையில்லை எண்டால் கவனத்திலைதானே பிழை," என்றார் மெதுவாக. "விடும். உப்பிடி நடக்கிறதுதான். வீட்டிலை ஆறுதலா இரும். நான் இருக்கிறன்தானே."

நான் அவருடைய தோளில் சாய்ந்துகொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வாய்த்தது கடவுள்தான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

சனிக்கிழமைகளில் மச்சாள் வீட்டுக்குப் போவேன். ஓடுவதை விட்டபடியால் ரெயினில்தான். அவருக்கு ஒரு கையைத் தூக்க ஏலாது. முழுகவார்த்து, சீப்பால் தலை இழுத்து, உடுப்பு மாற்றி, கிழமைக்குக் காணும்படி சமைத்து வைத்துவிட்டு வருவேன். தலை இழுக்கும்போது, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ மச்சாள்" என்பேன். "சீ, விடு பிள்ளை" என்பார். ஒருநாளும் அவர் என் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னதில்லை. வலியில் இருக்கிற மனுசி, பார்க்காததில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

போன சனிக்கிழமை நான் புறப்படும் நேரத்தில் கஸ்பர் வந்தார். ட்ரெயிலரின் உடைந்த விளக்குகளை மாற்ற இவர்தான் வரச்சொல்லியிருந்தார். இவர் ஒரு கலியாண வீட்டுக்கு விலை பேச, திருத்தி வந்த காரை எடுத்துக்கொண்டு போயிருந்தார். நான் வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். கஸ்பர் வயர்ச் சுருளோடு குனிந்தபடி கேட்டார்.

"அக்கா, இந்த முறையெண்டாலும் அந்த லைற்றையும் சேத்து வயர் பண்ணிவிடட்டோ?"

"எந்த லைற்?"

"எக்ஸோஸ்ற் பிரேக்குக்கு. இப்ப காலாலை பெடலை மிதிச்சால்தான் பின்னுக்குப் பிரேக் லைற் எரியும். பட்டனிலை பிடிச்சால் எரியாது. வண்டி நிக்கிறமாதிரிக் குறையும், பின்னுக்கு வாறவைக்கு ஒண்டும் தெரியாது. ஓட்டோ கியர் வேறை, தானா இறங்கி வெட்டிப் பிடிக்கும். அண்டைக்குப் பூட்டேக்கையே சொன்னனான்."

நான் செருப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். "அவர் என்ன சொன்னவர்?"

கஸ்பர் சங்கடத்தோடு சிரித்தார். "லைற் எரிஞ்சால் நான் பிரேக் அடிக்கிறன் எண்டெல்லோ பின்னுக்கு வாறவை நினைப்பினம், வேண்டாம் எண்டவர். பகிடிதான் அக்கா."

வாசல் கதவைப் பிடித்துக்கொண்டேன். விளக்கு எரியவில்லை. எரியவே இல்லை. நான் பார்த்தது சரி. கஸ்பர் என் முகத்தைப் பார்த்துப் பயந்து, "என்னக்கா, சுகமில்லையோ?" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். நடந்தேன் என்பதைவிட ஓடினேன்.

ரெயினில் ஏறிய பிறகுதான் மூச்சு வந்தது. முதலில் சந்தோஷம். எதிரே இருந்தவர் வைத்திருந்த பத்திரிகையின் பொடி எழுத்தையெல்லாம் வாசித்தேன், ஒவ்வொன்றும் தெரிந்தது. பிறகு இவரை நினைத்துக் கவலை வந்தது. கஸ்பர் சொன்னதைப் பகிடியாக எடுத்து மறந்திருப்பார். அந்தப் பதற்றத்தில் கால் வைத்தேனா இல்லையா என்று அவருக்கே தெரிந்திருக்காது. வைத்ததாக நினைத்துத்தான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். இப்போது உண்மை தெரிந்தால் அந்த மனிதர் உடைந்துபோவாரே. அக்காவின் எலும்பை முறித்தது தான்தான் என்று தெரிந்தால் சாப்பிடுவாரா, தூங்குவாரா? இதைப் பக்குவமாகத்தான் சொல்லவேண்டும். மச்சாளிடம் முதலில் சொல்லி, அவரைக்கொண்டு மெதுவாகச் சொல்லுவிப்போம் என்று முடிவு செய்தேன். வெஸ்ட் ஹாமில் ரெயின் மாறியதும் தெரியாது, கிங்ஸ்பரியில் இறங்கியதும் தெரியாது.

மச்சாள் முன்னறையில் கையைத் தலையணையில் வைத்தபடி இருந்தார். நான் அவருடைய காலடியில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பட்டன், மூடி, விளக்கு, கஸ்பர். மூச்சு விடாமல் சொன்னேன்.

"அப்ப என்னிலை பிழையில்லை மச்சாள். ஆனால் இதை இவருக்கு எப்பிடிச் சொல்லுறது? கேட்டால் தாங்கமாட்டார். நீங்கள்தான் பக்குவமாச் சொல்லோணும்."

மச்சாள் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்குத் தெரியும் பிள்ளை," என்றார்.

"என்ன தெரியும்?"

"லைற் எரியேல்லை எண்டு தெரியும். நானும் முன் சீற்றிலைதானே இருந்தனான். எரியேல்லை. நான் பாத்தனான். ஆஸ்பத்திரியிலை நீ கோப்பி வாங்கப் போன நேரம் தம்பி வந்து கேட்டவன், அக்கா லைற் எரிஞ்சதோ எண்டு. இல்லையடா எண்டன். அப்ப ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ எண்டு கையைப் பிடிச்சு அழுதவன். வண்டியிலை தான் ஏதோ பூட்டினது இன்சூரன்ஸுக்குச் சொல்லேல்லையாம். தெரிஞ்சால் யாவாரம் முடிஞ்சுபோமாம். வேணிக்கு இந்த வேலை போனாலும் இன்னொரு வேலை கிடைக்கும் எண்டவன்."

நான் அவருடைய காலைப் பிடித்தபடிதான் இருந்தேன். எனக்குக் கையை எடுக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கோபம் வரவில்லை. கோபம் வருவதற்கு முதலில் நடந்தது மனதில் பதியவேண்டுமே. என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கண் பரிசோதனைக்குக் காத்திருந்த மனிதர்தான் கண்ணுக்கு முன்னால் நின்றார். அவர் அங்கே இருந்து எதற்காகக் காத்திருந்தார்? என் கண் பழுது என்று யாராவது சொல்லிவிடமாட்டார்களா என்றா? முதல் இடத்தில் சொல்லவில்லை என்றுதானா இரண்டாவது இடத்துக்குக் கூட்டிப்போனார்?

"ஒவ்வொரு சனியும் நான் உங்களிட்டை மன்னிப்புக் கேட்டனான் மச்சாள்."

"ஓம்," என்றார். "அதுதான் எனக்கு இந்தக் கையைவிட நொந்தது." அவர் அழுதார். நான் அழவில்லை.

அந்த நேரம் வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம். இவர்தான்; விலை பேசி முடித்துவிட்டு, என்னை ரெயினில் அலையவிடக் கூடாதென்று கூட்டிப்போக வந்திருக்கிறார். அவ்வளவு நல்லவர். உள்ளே வந்தவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"வேணி, இஞ்சை பாரும்..."

"தெரியுமோ, தெரியாதோ?"

"உம்மடை கண் பிழை எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லையே," என்றார். "டொக்டரும் கண் நல்லா இருக்கெண்டுதானே சொன்னவர். நீராத்தானே வேலையை விட்டனீர். நானோ விடச் சொன்னனான்?"

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார். எத்தனை நாளாக இந்தப் பதிலைத் தயாராக வைத்திருந்தாரோ. நான் பக்கத்தில் படுத்துக் கண்ணை மூடி அந்த விளக்குகளை எரியவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர் இதைத்தான் யோசித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

நான் போனை எடுத்துப் பிரீத்தாவைக் கூப்பிட்டேன். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"பிள்ளை, நான் திரும்பி வாறன். என்ரை கண்ணிலை பிழையில்லை. அண்டைக்கு முன் வண்டியிலை பிரேக் லைற் எரியேல்லை."

"அப்படியா அக்கா?" அந்தப் பக்கம் ஒரு தயக்கம். "நான் நம்புறேன். ஆனா நீங்களே சொல்லி நின்னீங்கல்ல, மேல இருக்கிறவங்களுக்கு நான் ஏதாவது சொல்லணும். அண்ணா என்ன சொல்றாங்க? எரியலைன்னு அவங்க ஒத்துக்கிறாங்களா?"

நான் போனை அவர் பக்கம் நீட்டினேன். அவருக்கும் போனுக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. சொல்லவேண்டியது ஒரு சொல். தெருவோரத்தில் மழையில் நின்று ஒரு சொல் சொன்னாரே, அதற்கு மாற்றாக ஒரு சொல். அவர் கார்பெற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?" என்றாள் பிரீத்தா.

கட்டுப்போட்ட கையைத் தலையணையிலிருந்து இழுத்துக்கொண்டு மச்சாள் முன்னுக்குச் சரிந்தார். வலியில் முகம் கோணியது.

"பிள்ளை, நான் கனகாம்பிகை. நான்தான் அண்டைக்கு முன் சீற்றிலை இருந்தனான். லைற் எரியேல்லை. யார் கேட்டாலும் சொல்லுவன்."

அப்போதுதான் இவர் தலையை நிமிர்த்தினார். கண் கலங்கியிருந்தது. என்னிடம் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். இவ்வளவும் நடந்த பிறகும் நினைத்தேன் பாருங்கள். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"சொல்லமாட்டன் எண்டு எனக்குச் சத்தியம் செய்தனீங்களே அக்கா," என்றார். ஏமாற்றப்பட்டவரின் குரல் அது. உண்மையாகவே மனம் நொந்து கேட்டார்.

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"திங்கட்கிழமை வண்டியை எடுக்கிறீங்களா அக்கா?" என்றாள் பிரீத்தா.

"ஓம் பிள்ளை," என்றேன். "எடுக்கிறன்."